பிரேக்கை மாற்றிவிட்டேன், உன் காலை நீ மாற்று

மவனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணம் முடிந்த கையோடு பெண் வீட்டு விருந்துக்குக் கோத்தகிரி போய் வந்தவன் நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்? கன்னம் உப்பியிருக்கும், சட்டைப் பொத்தான் இறுகியிருக்கும். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கில் நைலான் கயிறு போட்டு இந்தக் காகிதங்களைக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். வலைக்குப் போடும் முடிச்சு அது. அவிழ்க்க நேரமாகும். வேண்டுமென்றேதான் போட்டேன். நேரில் சொல்ல வந்தால் "தெரியும் நைனா" என்று சொல்லிச் சாவியைத் திருப்பிவிடுவாய். நீ பேசப் பழகிய நாளிலிருந்து அந்த "தெரியும் நைனா"வைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. எழுத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது. வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் ஏன் இப்படிப் புத்தகம் மாதிரி எழுதுகிறான் என்று சிரிக்காதே. பேனாவைப் பிடித்தால் ஆறாம் வகுப்பு வாத்தியார் பிரம்போடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அதற்கு மேல் படிக்காததால் எனக்கு வேறு வாத்தியார் கிடையாது.

விஷயம் இதுதான். ஜீப்பின் பிரேக்கை மாற்றிவிட்டேன். கல்யாணப் பரிசு என்று வைத்துக்கொள். உடனே துள்ளிக் குதிக்காதே, இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது வண்டியில் இல்லை, உன் வலது காலில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான். இன்று நீ உன் பெண்டாட்டி மெர்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதே வண்டியில் அவள் ஊர் மலைக்குக் கிளம்பப்போகிறாய். அதற்கு முன் அந்தக் காலுக்கு நான் கற்றுக்கொடுத்ததை நானே அழித்தாக வேண்டும். அதனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுச் சாவியைத் திருப்பு.

இந்த ஜீப்பை நான் அரசாங்க ஏலத்தில் எடுத்து வந்த அன்று உன் அம்மா வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாய்யா, இத்த நீ ஓட்டினு வந்தியா, இல்ல இது உன்ன இஸ்துகினு வந்துச்சா" என்றாள். இரண்டும் உண்மைதான். நாலு சக்கரமும் உந்தும், மணலில் புதையாது, படகு இன்ஜினைக் கரையிலிருந்து ரோட்டுக்கு இழுத்துவிடும். ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அவள் கடைக்கு முன்னால் போய் நிற்கும். நிற்கும் என்று சொல்கிறேனே, அதில்தான் கொஞ்சம் சிக்கல். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். ஒரு தடவை மிதித்தால் பெடல் பாய்க்குள் போவது மாதிரி அடிவரை போய்விடும். இரண்டாவது மிதியில் கொஞ்சம் மேலே வரும். மூன்றாவதை எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதித்தால் வண்டிக்கு மனசு இரங்கும். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது, நான் சட்டை மாட்டிவைக்க.

அதற்காக நாம் அசந்துவிடவில்லை. மூன்று மிதி என்னுடையது. கட்டை உன் அம்மாவுடையது. பழைய கட்டுமரத்து நுனியை அறுத்து, கயிறு கோத்து அவளே செய்தது. வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து, சக்கரத்துக்கு அடியில் அதைத் திணிப்பாள். மார்க்கெட்டில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள், ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை. நீ பின்னால் கூடைகளுக்கு நடுவில் நின்று, "ஒத்து ஒத்து, பிரேக் இல்ல, ஒத்து" என்று கத்துவாய். மற்ற வண்டிகளுக்கு ஹார்ன் இருந்தது, எங்களுக்கு நீ இருந்தாய். நம் மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி எடுக்க மாட்டோம். அப்போது அதைக் கஷ்டம் என்று நினைத்தேன். இப்போது ஒருவர் மிதித்தாலே நிற்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால், அந்த மாதிரி ஒரு பிரேக்கை எந்தக் கம்பெனியும் போட்டுக் கொடுக்காது என்று தோன்றுகிறது.

உனக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? கடலோர ரோட்டில் காலை நேரம், மீன் கடைகள் போடுவதற்கு முன்னால். மடியில் உட்கார வைத்து ஸ்டீயரிங்கைக் கொடுத்தேன் என்று ஊரில் எல்லா அப்பனும் பீற்றிக்கொள்வான். நான் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை. நீ பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, உன் வெறுங்காலை என் கால்மேல் வைத்துக்கொண்டாய். நான் மிதித்தபோதெல்லாம் உன் கால் என் காலோடு இறங்கி ஏறியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. உன் உள்ளங்கால் அப்போது ஒரு சின்னப் பாரை மீன் அளவுதான் இருக்கும். மணல் ஒட்டியிருக்கும், கரகரவென்று உரசும். அப்படியே வளர்ந்து நீயே ஓட்ட ஆரம்பித்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அதே ஒண்ணு, ரெண்டு, மூணு. நீ காலேஜ் போய் இன்ஜினியர் ஆகி, கம்பெனிக் காரை ஓட்டினபோதும் அப்படித்தான் மிதித்தாயாம். பின்சீட்டில் இருந்த மேனேஜருக்கு வாந்தி வந்ததாக நீயே வந்து சொன்னாய். நான் பெருமையாகச் சிரித்தேன்.

அந்தப் பெருமையால்தான் நீ டிஸ்க் பிரேக் போடலாம் என்று கேட்டபோதெல்லாம் நான் விடவில்லை. "உன் கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கோ" என்று சொல்லியிருக்கிறேன். மெட்ராஸில் எங்கே மேடு இருக்கிறது? அடையாறு பாலம் ஒரு மேடு, சைதாப்பேட்டைப் பாலம் ஒரு மேடு, ஆழ்வார்பேட்டையில் ஒரு மேம்பாலம். இதற்கு என் கால் போதும் என்று இருந்தேன்.

அப்புறம் வந்தது முகூர்த்தச் சேலை எடுக்கப் போன தி.நகர் மழை. உனக்கு முழுக்கதையும் தெரியாது, நீ அன்று ஆபீஸில் இருந்தாய். நான், உன் அம்மா, மெர்சி, அவள் அம்மா. சுரங்கப்பாதையில் சக்கரம் முங்கத் தண்ணீர். நம் வண்டிக்குத் தண்ணீர் ஒரு பொருட்டா, படகு மாதிரி வெளியே வந்துவிட்டது. ஆனால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் வழுக்கும், பிரேக் பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவிடம் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வண்டி சாவகாசமாக, ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு பூக்காரம்மாவின் வண்டிக்குள் போய் முட்டியது. பானெட் முழுக்க மல்லி. அந்தம்மா அசரவில்லை, இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண வண்டின்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நானே மால போட்டு உட்டுருப்பேனே, நீ எதுக்கு இவ்ளோ பேஜாரு பட்டே?"

எல்லாரும் சிரித்தோம். மெர்சிதான் அதிகம் சிரித்தாள், பூவை அள்ளிக் கொடுத்து உதவியும் செய்தாள். திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. உன் அம்மாவும் சம்பந்தியம்மாவும் பின்னால் சேலைக் கதையில் இருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த மெர்சி ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, எங்க ஊர் ரோட்டுல கடைசில பூக்காரம்மா யாரும் இருக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஊர் நிலவரம் சொல்கிற குரல். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன், ஆனால் அடுத்த சிக்னலுக்கு ரொம்ப முன்னாலேயே மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். நீ வேலையை மலைக்கு மாற்றிக்கொண்டு போகிறாய், ஜீப்பையும் கேட்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து, வண்டி போகப்போகிறதே என்றுதான் நான் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன். அந்த வண்டி எதில் இறங்கப்போகிறது என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் உறைத்தது. உனக்கு வாய்த்தவள் புத்திசாலி. நீ எப்படி அவளுக்கு வாய்த்தாய் என்று நானும் உன் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நீங்கள் விருந்துக்கு ரயில் ஏறியதும் நான் ஜீப்பை சைதாப்பேட்டையில் ஜாஃபர் பாய் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, நம் வண்டியின் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறவர். டிஸ்க் போட வேண்டும் என்று நான் சொன்னதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. பிறகு இரண்டு பேரும் புதுப்பேட்டைக்குப் போய், உடைத்த வண்டிகளின் பாகங்களுக்கு நடுவில் அலைந்தோம். முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பூஸ்டர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயில் அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர். முன்பெல்லாம் ஒரு டியூப் கிழிந்தால் நாலு சக்கரமும் போச்சு. இப்போது முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும், பின்னால் போனாலும் முன்னால் பிடிக்கும். எல்லாம் மாட்டிவிட்டுச் சக்கரத்தைப் போட்டால் காலிப்பர் ரிம்மில் உரசுகிறது. நடுவில் ஒரு வாஷர் வைத்துத் தள்ளிவிடலாமே என்றேன். பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "புள்ள மலைக்கிப் போறான்றே, வாஷர் வைக்கச் சொல்றே. நீ அப்பனா, பக்கத்து வூட்டுக்காரனா?" ரிம்மும் மாறியது. சக்கரம் கொஞ்சம் அகலமாகத் தெரிவது அதனால்தான். பின்சக்கரத்தில் டிரம்தான், ஆனால் லைனிங் எல்லாம் புதுசு.

கடைசியில் பைப்புக்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அவர் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டார், நான் உள்ளே உட்கார்ந்தேன். மிதி, மிதி, மிதி, புடி, உடு. காற்று ஆயிலோடு புசுபுசுவென்று வந்தது. மூன்று தடவை மிதித்துப் பிடிப்பதில் என்னை அடிக்க ஆள் ஏது? பாய் அடியிலிருந்தே சிரித்தார். "மாமு, இப்பதான் புரியுது. நீ இத்தினி வருஷமா வண்டி ஓட்டவே இல்ல. ஏர் எடுத்துக்கினே ஊர சுத்திக்கினு இருந்துக்கிறே."

மறுநாள் காலையில் உன் அம்மா அடையாறில் இருக்கிற உன் சித்திக்கு வஞ்சிரக் குழம்பு கொண்டுபோக வேண்டும் என்றாள். புது பிரேக்கைக் காட்டிவிடலாம் என்று நான் வண்டியை எடுத்தேன். பாலத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் பஸ் நின்றது. என் கால் தன் பழக்கத்தில் முழு பலத்தோடு இறங்கியது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது, குழம்பு நிற்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒடித்துத் திருப்பிப் பக்கத்தில் வந்து, "இன்னா பெருசு, நடுரோட்டுல நங்கூரம் பாய்ச்சிட்டே" என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அம்மா மடியில் குழம்போடு உட்கார்ந்திருந்தாள். மீன் மீன்காரி மடிக்கே திரும்பிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் சிரிப்புதான்.

பாலத்தின் உச்சிக்கு வந்ததும் எப்போதும் செய்வதைச் செய்தேன். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டேன். டீசல் மிச்சம் பிடிக்க நான் கண்டுபிடித்த வழி, உனக்கும் அதைப் பெரிய ரகசியம் மாதிரி சொல்லிக்கொடுத்தேனே, அதேதான். கீழே சிவப்பு விளக்கு. வரிசையில் கடைசியாக ஒரு ஸ்கூட்டர். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. ஒண்ணு மிதித்தேன், பிடித்தது. விட்டேன். ரெண்டு மிதித்தேன், அரைகுறையாகப் பிடித்தது. விட்டேன். மூணாவது மிதிக்கிறேன், பெடல் பாறை மாதிரி நிற்கிறது. இறங்கவே இல்லை. என் கால் இறங்காத பெடலை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. இரண்டு காலையும் அதன்மேல் வைத்து, முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டா வெறுப்பாக நின்றது. அந்தக் குழந்தை திரும்பிப் பார்த்தது. கையை நீட்டி நம் ஹெட்லைட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள்.

உன் அம்மா எப்போது குதித்தாள் என்று தெரியவில்லை. சக்கரத்தில் கட்டை இருந்தது. சேலையெல்லாம் குழம்போடு என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், அவள் காதில் வாங்கவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனும் இப்டித்தான்யா மிதிப்பான்" என்றாள்.

சித்தி வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாயிடம் போனேன், உன் பிரேக் சரியில்லை என்று சண்டை போட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். பூஸ்டருக்கு இன்ஜின் ஓடினால்தான் பலம். இன்ஜினை அணைத்தாலும் கொஞ்சம் பலம் உள்ளே மிச்சம் இருக்கும், ஒரு தடவை நன்றாக மிதித்து நிறுத்தப் போதும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் அது கரைந்துபோகும். மூன்றாவதற்கு ஒன்றும் இருக்காது. அதாவது நான் உனக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு வித்தையும் சேர்ந்தால், எவ்வளவு நல்ல பிரேக்கையும் கல்லாக்கிவிடும். "பிரேக்க மாத்திக் குடுத்துட்டேன் மாமு" என்றார் பாய். "உன் கால என்னால மாத்த முடியாது. உன் புள்ள கால நீதான் மாத்தணும்."

ஆகவே மாற்று. இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதே. டீசல் மிச்சம் பிடித்து நீ கட்டப்போகிற மாளிகை ஒன்றும் இல்லை. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பாதி வேலையை இன்ஜினே செய்யும். நிற்க வேண்டும் என்றால் ஒரே மிதி. மெதுவாக ஆரம்பித்து, விடாமல் அழுத்து. ஈர ரோட்டில் நம் பழக்கத்தில் எட்டி உதைத்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும், ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்காது. மலைக்குக் கிளம்புமுன் கடலோர ரோட்டில் ஆளில்லாத இடத்தில் நிறைய தடவை ஓட்டி நிறுத்திப் பார், உன் கால் வெட்கப்படாமல் பழகட்டும். மெர்சிக்கும் ஓட்டக் கற்றுக்கொடு. இல்லை, வேண்டாம், அவளிடம் நீ கற்றுக்கொள். அவள் காலில் நான் ஒன்றும் கெடுத்து வைக்கவில்லை. அப்புறம் அவள் "மெதுவா" என்று ஒரு தடவை சொன்னால் மூன்று தடவை சொன்னதாக எடுத்துக்கொள். உன் அம்மா சொன்னதை நான் ஒழுங்காக அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் தி.நகரில் மல்லி மிஞ்சியிருக்கும்.

ஹேண்ட் பிரேக் இப்போது பிடிக்கிறது. என் சட்டையை எடுத்துவிட்டேன். கட்டையை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன், நேற்றுப் பார்த்தால் மறுபடியும் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கயிறுகூடப் புதுசு. உன் அம்மாவைக் கேட்டால், தான் வைக்கவில்லை என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், கேட்காதே.

என் பாடு எப்படி என்றால், நீ கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ மலைரோடு, வளைவில் ஒரு பஸ் திரும்பியது. என் கால் தானாகத் தரையை மிதித்தது. உன் அம்மா கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "இங்க இன்னாத்துக்கு மிதிக்கிறே" என்றாள். இந்த வயசில் என் காலை மாற்ற முடியாது, மவனே, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நீ ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு தடவை மிதி. மிச்சம் இரண்டையும் நான் இங்கே உட்கார்ந்து மிதித்துக்கொள்கிறேன்.

இப்போது சாவியைத் திருப்பு.

உன் நைனா